குதிரைக்குப் பிடிக்குமா, மிஸ்?

கிரேட் 3 பிள்ளைகளுக்கு உகர வரிசை நடத்திக்கொண்டிருந்தேன். கு என்றால் குதிரை. மொரீஷியஸில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, குதிரை அவர்களுக்கு 'சுவல்'. அதனால் பலகையில் ஒரு குதிரையையும் அதன் மேல் ஓர் ஆளையும் வரைந்து, குதிரை, கடிவாளம், குளம்பு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை ஏறப் போவது பாதி வகுப்புக்குத் தெரியும். பாதி கிரியோலும் பாதி தமிழுமாகக் கேட்டான்: "மிஸ், நீங்க மேல ஏறினா குதிரைக்குப் பிடிக்குமா?"

பிடிக்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் குதிரை என்றாலே எல்லோருக்கும் போர்ட் லூயிஸின் ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வரும். 1812-இல் தொடங்கியது, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இதைவிடப் பழைய பந்தயத் திடல் கிடையாது. சனிக்கிழமை பந்தயம் என்றால் ஊரே அங்கேதான். என் பெரிய மாமா முப்பது வருடத்துக்கு மேல் அங்கே ஒரு லாயத்தில் குதிரை பார்த்தவர். விடியற்காலை நாலு மணிக்குப் போய்ச் சாணம் அள்ளி, தண்ணீர் வைத்து, உடம்பு தேய்த்து, காலில் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பயிற்சிக்கு நடத்திக்கொண்டு போய்க் கூட்டி வருகிற வேலை. ஒரு நாளும் அவர் குதிரை மேல் ஏறியதில்லை. சின்ன வயதில் நான் "குதிரைக்கு ஓடப் பிடிக்குமா மாமா?" என்று கேட்டிருக்கிறேன். "ஓடப் பிடிக்கும், சுமக்கப் பிடிக்கும்னு யார் சொன்னது?" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

நான் ஏறக் கற்றுக்கொண்டது நாற்பத்தொரு வயதில். அதற்கும் முன்னால் ஒரு தடவை, தென்கரையில் ஓர் இடத்தில் காசு கட்டிக் கடற்கரைச் சவாரி போனேன். இந்த ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கிற சவாரிதான், ஒரு மணி நேரம், வரிசையாக ஏழெட்டுக் குதிரைகள். எனக்குக் கொடுத்தது வெள்ளைக்குப் பக்கமான சாம்பல் நிறத்தில் ஒரு பெண் குதிரை. அவள் நகரவே மாட்டாள். காது இரண்டும் பின்னால் படிந்திருந்தன, வால் விடாமல் இடமும் வலமும் வீசிக்கொண்டே இருந்தது, ஈ மொய்க்கிறது என்று நினைத்தேன். கூட வந்த ஆள் "சோம்பேறி, குதிகாலால் நல்லா இடிங்க" என்றார். இடித்தேன். ஒரு மணி நேரமும் இடித்தேன். இறங்கிச் சேணத்தைக் கழற்றும்போது பார்த்தேன், பிடரி முடிகிற இடத்தில், தோளுக்கு மேலே மேடாக இருக்குமே அங்கே, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்கு மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஆளிடம் காட்டினேன், "அது பழசு" என்றார். அன்றைக்கு நான் வேறெதுவும் பேசாமல் வந்துவிட்டேன். அது என் தப்பு, இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அந்தக் காதும் வாலும் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் சூ டைசன் என்ற குதிரை மருத்துவர், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டுகிற வலிக் குறிகளை வரிசைப்படுத்தி 2018-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 24 குறிகள். காது ஐந்து நொடிக்கு மேல் பின்னால் மடங்கியே இருப்பது, கண்ணின் வெள்ளை திரும்பத் திரும்பத் தெரிவது, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை இறுக்கிக்கொள்வது அல்லது ஓயாமல் வீசுவது, தலையைத் தூக்கிக்கொண்டே போவது, இப்படி. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஆனால் எட்டோ அதற்கு மேலோ சேர்ந்து வந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார். அதற்கு முன்பே, 2014-இல், குதிரையின் முகத்தை மட்டும் பார்த்து வலியை அளக்க ஆறு அடையாளங்கள் வகுத்திருந்தார்கள். விறைத்துப் பின்னால் போன காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுகிய தசை, புடைத்த தாடை, இறுகிய வாயும் மோவாயும், விறைத்த மூக்குத்துவாரம். இவ்வளவுதான். குதிரை நாய் மாதிரி வலித்தால் கத்தாது. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த பிராணி, வலியை வெளியே காட்டினால் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் அடக்கிக்கொள்ளும். நாம் அதைச் சாதுவான குதிரை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஐயனார் கோயில் குதிரைகள். தமிழ் ஆசிரியர் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டில் இருந்த நாட்களில் புதுக்கோட்டைப் பக்கம் போய் வரிசை வரிசையாக அந்த மண் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற கல் குதிரைகளையும் பார்த்திருக்கிறேன், கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தேன். பிதுங்கிய விழி, விரிந்த மூக்கு, பல் தெரியத் திறந்த வாய். வீரம் என்று நம் சிற்பிகள் வடித்தது, மருத்துவர் கையில் இருக்கிற பட்டியலில் பல இடங்களில் வலி என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிற்பிகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் செய்திருப்பார்கள், போர்க்களத்துக்குப் போகிற குதிரை அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அதையே அழகு என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிவிட்டோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் பழமொழியைப் பாருங்கள், 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்'. ஏன் தள்ளியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, தம்பிக்கு வருகிறேன்.

தம்பி என்பது இப்போது நான் ஏறுகிற குதிரை. தென்னாப்பிரிக்காவிலிருந்து பந்தயத்துக்காக வந்தவன், இங்கே ஓடுகிற குதிரைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. பந்தயத்தில் அவனுக்கு வேறு பெயர், அது வேண்டாம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, ஒன்பது வயது. ஓட்டத்திலிருந்து விடுபட்ட பிறகு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அவனை வாங்கி வைத்திருக்கிறது, நானும் இன்னொரு பெண்மணியும் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் வருடம் அவனோடு பெரும் பாடு. சேணத்தை முதுகில் வைக்கும்போது ஒன்றும் செய்ய மாட்டான். வயிற்றுக்கு அடியில் வாரை இழுத்து இறுக்கப் போனால் தலையைத் திருப்பி என் முழங்கைக்குப் பக்கத்தில் காற்றைக் கடிப்பான். கடித்ததில்லை, கடிக்கிற மாதிரி பல்லை மட்டும் காட்டுவான். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், நடிக்கிறான், பந்தயக் குதிரை புத்தி, நீ இடம் கொடுக்காதே. நானும் ஆறு மாதம் அப்படியே நம்பினேன். பெரிய மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவர் குதிரையிடம் பேசவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் நின்றார். பிறகு இரண்டு விரலை முதுகெலும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து, தோள் மேட்டிலிருந்து வால் பக்கமாக மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடம் வந்தது, சேணத்தின் பின்பாதி உட்காருகிற இடம். அங்கே விரல் பட்டதும் தம்பியின் முதுகு முழுசாகக் கீழே இறங்கியது, தோல் சிலிர்த்து ஓடியது, காது பின்னால் போனது. மாமா விரலை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தார். திரும்பவும் அதே. மூன்றாவது தடவை வைக்கவில்லை. என்னைப் பார்த்துக் கிரியோலில் ஒரே வார்த்தைதான் சொன்னார், வலி என்று.

அப்புறம் சேணத்தைப் போட்டுக் கால் மணி நேரம் வட்டமாக நடக்கவிட்டு, கழற்றி, வியர்வையைக் காட்டினார். முதுகு முழுக்க நனைந்திருந்தது, இரண்டு இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் சேணம் அழுத்துகிற அழுத்தத்தில் வியர்வையே வரவில்லை. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் தெரிந்துகொண்டு அந்த இடத்துத் தோலை மட்டும் உதறுகிற பிராணி அது. அதன் மேல் பொருந்தாத சேணத்தை வைத்து, அதற்கும் மேல் நான் உட்கார்ந்து, அது நடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவர் வந்தார், நாலு மாதம் யாரும் ஏறவில்லை, அவன் முதுகுக்குப் பொருந்துகிற சேணம் ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கினோம். எடையையும் கணக்குப் பார்த்தேன். 2008-இல் அமெரிக்காவில் ஒஹையோவில் எட்டுக் குதிரைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றி ஓட்டியதில் 25-ம் 30-ம் ஏற்றியபோது இதயத்துடிப்பு கூடியது, தசை வலியும் அதிகமானது. இருபதுக்கு மேல் போகாதே என்பார்களே, அதற்கு இது ஓர் ஆதாரம். தம்பி 460 கிலோ. நான் 68, சேணமும் மற்றதும் சேர்த்து 8. பதினாறரை சதவீதம். எல்லைக்குள்தான். ஆனால் அந்தக் கடற்கரைச் சவாரியில் எனக்கு முன்னால் போன ஆண்மகன் நூறு கிலோவுக்குக் குறையாமல் இருந்திருப்பார், அவருக்குக் கீழே இருந்தது தம்பியைவிடச் சின்னக் குதிரை. அங்கே எடை பார்க்கிற இயந்திரம் எதையும் நான் பார்க்கவில்லை.

இங்கே சிலர் ஒரு வாதம் வைப்பார்கள், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். பந்தயத்தில் ஓட்டுகிறவன் கீழே விழுந்த பிறகும் குதிரை கூட்டத்தோடு ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதற்குப் பிடிக்காமலா ஓடுகிறது? மாமா முப்பது வருடம் பார்த்தவர், அவரிடம் கேட்டேன். "எல்லாரும் ஓடினா அவனும் ஓடுவான், கடைசியா நிக்கிறவனைத்தானே புலி பிடிக்கும்" என்றார். மொரீஷியஸில் புலி கிடையாது, இருந்ததும் இல்லை. ஆனால் குதிரையின் உடம்புக்குள் அது இன்னும் இருக்கிறது. மற்றவற்றோடு ஓடுவது அதற்கு இயல்பு, சில நேரம் சந்தோஷமும்கூட. விடியற்காலையில் அவிழ்த்துவிட்டால் தம்பியும் வாலைத் தூக்கிக்கொண்டு சும்மா ஓர் ஓட்டம் ஓடுவான், பார்க்கவே கண் நிறையும். அந்த ஓட்டத்தையும் சவுக்குக்குக் கீழே ஓடுவதையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் சீ காட்டேஜ் என்ற பந்தயக் குதிரையின் கதை இங்கே பந்தயம் பார்க்கிற பெரியவர்கள் பலருக்கும் தெரியும். 1966 ஜூனில், டர்பனில் 'ஜூலை' என்ற பெரிய பந்தயத்துக்கு முன்னால், காலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது அந்தக் குதிரையைத் துப்பாக்கியால் சுட்டார்கள். சூதாட்டப் பணத்துக்காக. பின்பகுதியில் குண்டு பாய்ந்த அந்தக் குதிரை சில வாரத்திலேயே அந்தப் பந்தயத்தில் ஓடி நாலாவதாக வந்தது. அடுத்த வருடம் அதே பந்தயத்தில் இன்னொரு குதிரையோடு சமமாக முதலில் வந்தது. மாமா இந்தக் கதையை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கூட இருப்பவர்கள் "என்ன தைரியம்!" என்பார்கள். எனக்கும் அந்தக் குதிரை மேல் அளவில்லாத மரியாதை. ஆனால் குண்டு பாய்ந்த உடம்போடும் ஓடுகிற ஒரு பிராணி, பிடித்து ஓடுகிறதா பிடிக்காமல் ஓடுகிறதா என்பதை அது ஓடுவதை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடுவதும் நிற்பதும் அடங்குவதும் சாட்சி ஆகாது என்றால் வேறு எதைக் கேட்பது? குதிரையிடமே கேட்கலாம். நார்வேயில் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒன்று போர்வை போடு, ஒன்று போர்வையை எடு, ஒன்று இப்படியே இருக்கட்டும். குதிரை மூக்கால் எதைத் தொடுகிறதோ அதன்படி செய்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாக் குதிரையும் கற்றுக்கொண்டது. குளிரும் மழையுமான நாளில் போர்வை கேட்டன, வெயில் வந்த நாளில் எடுக்கச் சொல்லின. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்காயிரம் வருடத்துக்கு மேலாக நம்மோடு இருக்கிற பிராணி, கேட்டால் இரண்டே வாரத்தில் பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறது!

ஏறலாமா வேண்டாமா என்று கேட்கிற பலகை என்னிடம் இல்லை. ஆனால் ஏறுவதற்கு ஒரு மரப்படி இருக்கிறது. முன்பெல்லாம் தம்பியை அதன் பக்கத்தில் இழுத்து நிறுத்தி ஏறுவோம். இப்போது நான் படியில் ஏறி நின்றுகொள்கிறேன், கயிறு தளர்வாக இருக்கும், அவனாக வந்து பக்கவாட்டில் நின்றால் ஏறுவேன். விலகிப் போனால் அன்றைக்கு இல்லை. பழக்கும்போது கேரட் கொடுத்தோம், தோள் மேட்டில் சொறிந்துவிட்டோம். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று பிரான்சின் காமார்க் குதிரைகளை வைத்து 1993-லேயே காட்டியிருக்கிறார்கள், குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அங்கேதான். கேரட்டுக்காக வருவது லஞ்சம்தானே என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு மாதமாகக் கேரட்டைச் சவாரி முடிந்த பிறகும் ஏறாத நாளிலும் ஒரே அளவில் கொடுக்கிறேன். அவன் வருவதையும் வராததையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.

நோட்டு என்ன சொல்கிறது என்றால், பக்கத்துக் கொட்டிலில் இருக்கிற கறுப்புப் பெண் குதிரையும் கூட வருகிற நாளில் அவன் கிட்டத்தட்ட எப்போதும் வருகிறான். கரும்புக் காட்டு வழியாகப் போகிற பாதை என்றால் வருகிறான், வேலிக்குள்ளேயே வட்டம் சுற்றுகிற நாளில் பாதிக்குப் பாதிதான். தனியாகப் போக வேண்டும் என்றால் பெரும்பாலும் விலகிப் போகிறான். மழைக்கு முந்தைய புழுக்கமான நாட்களில் வருவதே இல்லை. அப்படியென்றால் அவனுக்குப் பிடிப்பது நான் முதுகில் இருப்பது இல்லை. வெளியே போவது பிடிக்கிறது, துணை பிடிக்கிறது, பாதையோரப் புல் பிடிக்கிறது, புதுசாக எதையாவது மோந்து பார்ப்பது பிடிக்கிறது. அதற்காக என்னைச் சுமக்கச் சம்மதிக்கிறான். எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறதுதான், நான் கீழே நிற்கும்போது. தோளைச் சொறியும்போது மேலுதட்டை நீட்டி நீட்டி என் சட்டைக் காலரைத் திரும்பச் சொறிந்துவிடுவானே, அது எனக்கானது.

எல்லாக் குதிரையும் தம்பி மாதிரிதான் என்று நான் சொல்லவில்லை. வலி இல்லாத, கூட்டத்தோடு வாழ்கிற, நாள் முழுக்க மேய விடப்படுகிற, பொறுமையான கையில் பழகிய குதிரைகளில் சில, சவாரியையே எதிர்பார்த்து வாசலில் வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் ஏறுகிற குதிரைகளில் எத்தனைக்கு அந்த வாழ்க்கை கிடைக்கிறது? பெரும்பாலான குதிரைகள் பொறுத்துக்கொள்கின்றன என்றுதான் நினைக்கிறேன். இதைச் சொன்னால் கூடச் சவாரி செய்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். சவாரியை நிறுத்திவிடு என்று யாரையும் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. வாரை இறுக்கும்போது பல்லைக் காட்டுகிற குதிரையை அடிக்கிறதுக்கு முன்னால் முதுகைத் தடவிப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். கடற்கரைச் சவாரிக்குப் போனால் ஏறுவதற்கு முன்னால் சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் ஏறாதீர்கள். நான் அன்றைக்குச் செய்யாதது அது.

போன ஞாயிறு படியில் ஏறி நின்றேன். கறுப்புக் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டதால் அவள் வரவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், படியைப் பார்த்தான், கழுத்தைத் திருப்பி அவள் கொட்டிலைப் பார்த்தான். பிறகு மெதுவாக அந்தப் பக்கம் நடந்து போய் அவள் கொட்டில் கதவுக்கு மேலே தாடையை வைத்துக்கொண்டு நின்றான். சேணத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அவனை நடத்திக்கொண்டு போய்க் கரும்போரப் புல்லில் மேயவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அந்தப் பையன் கேட்டான், "மிஸ், கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இன்னைக்கு வேணாம்னான்."

அவன் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து குதிரை வரைந்த பக்கத்தைக் காட்டினான். குதிரை இருந்தது, பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மேலே யாரும் இல்லை.